உள்ள வேற எவனோ கீறான்

இரண்டு பொங்கலுக்கு முன்பு, காணும் பொங்கலன்று காலை பத்து மணிக்கு, தண்டையார்பேட்டையில் எங்கள் கேரம் கிளப் வாசலில் நடந்தது இது. ஊரே மெரினாவுக்கும் வண்டலூருக்கும் கிளம்புகிற நாளில் எங்கள் தெருக்காரர்கள் மட்டும் அசைய மாட்டார்கள். அன்றைக்குத்தான் கிளப்பின் டபுள்ஸ் போட்டி. தெருவை அடைத்து ஷாமியானா போட்டு, மைக் செட் கட்டி, போர்டை நடுவில் வைத்து ஆடுவோம்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மீனும் இறாலும் வருகிற குளிர்பெட்டிகளுக்குக் கரன்ட் கொடுப்பதும், உள்ளே குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. வீட்டுக்கு வந்தால் ரோபோ செய்வேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எல்லாம் வீடியோ பார்த்துத்தான். தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடுகிற கார், கை தட்டினால் திரும்புகிற பொம்மை என்று பரண் நிறைய வைத்திருக்கிறேன். பரணில் அண்டா வைக்க இடமில்லை என்று என் மனைவிக்கு இன்றும் வருத்தம். எனக்கு இரண்டு கெட்ட குணங்கள் உண்டு. ஒன்று, செய்ததைப் பீற்றிக்கொள்வது. இன்னொன்று, மூக்குமேல் கோபம். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வேலை செய்தன.

டபுள்ஸில் எனக்குப் பதினான்கு வருடமாக ஒரே ஜோடி. இந்தக் கதையே அவனைப் பற்றியதுதான். துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறி, அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற வேலை அவனுக்கு. ஒரு நாள் மேலேயிருந்து விழுந்துவிட்டான். கழுத்தில் அடி. கால் இரண்டும் அசைவில்லாமல் போயின. கைகளைத் தூக்குவான், நீட்டுவான். விரல்கள் மட்டும் மடங்காது. ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு சுண்டினால் மூலையில் இருக்கிற காயும் பயந்து பாக்கெட்டுக்குள் போகும் என்று நாங்கள் கிண்டல் பண்ணுகிற விரல்கள் அவை. அதன் பிறகு இரண்டு வருடம் அவன் கிளப் பக்கமே வரவில்லை. நாங்கள் பார்க்கப் போனால் கேரத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசுவான். யாராவது வாய் தவறி மேட்ச் என்று ஆரம்பித்தால் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிடுவான்.

அவனுக்காக நான் ஒரு மெஷின் செய்தேன். நாலு மாதம் ஆயிற்று. போர்டின் சட்டத்தில் மாட்டிக்கொள்கிற சின்ன ரோபோ. கோட்டின் மேல் இடமும் வலமும் நகரும், மூக்கைத் திருப்பிக் குறி பார்க்கும், பிறகு உள்ளேயிருந்து ஓர் இரும்புத் தண்டு படாரென்று பாய்ந்து ஸ்ட்ரைக்கரைத் தள்ளும். இடம், கோணம், வேகம், அடி, எல்லாமே செல்போனில். போனுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒயர் கிடையாது, ப்ளூடூத். அவன் புறங்கையைத் திருப்பி, விரலின் முட்டியால் திரையைத் தொட்டுத் தொட்டு ஆடலாம்.

ஆப்பும் நான் செய்ததுதான். அதில் அவனுக்கென்றே ஒரு வசதி வைத்தேன். நடுவில் தொடர்பு அறுந்தால், அவன் முட்டியால் மெனுவுக்குள் போய்த் தேடி மறுபடி இணைப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதனால் ஆப்பே இரண்டு நொடிக்கு ஒரு முறை மெஷினைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளும். போனில் வேறு வேலை பார்த்தாலும், திரை அணைந்தாலும் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும். இதைச் செய்து முடித்த அன்று நான் தரையில் நடக்கவில்லை.

பீற்றல் குணம் சும்மா இருக்குமா? ஜோடிக்குக் காட்டுவதற்கு முன்பே மெஷினை கிளப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆளாளுக்கு நானு நானு என்றார்கள். கேட்டவர்கள் போனிலெல்லாம் ஆப்பை ஏற்றி, மெஷினோடு இணைத்தும் கொடுத்தேன். ஒரு வாரம் கிளப்பில் கையால் ஆடியவர்களைவிட போனால் ஆடியவர்கள்தான் அதிகம்.

பிறகு ஜோடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிடம் அவன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக முட்டியைத் திரையில் வைத்தான். முதல் மூன்று அடி எங்கேயோ போயின. நாலாவது அடியில் காய் பாக்கெட்டில் விழுந்த சத்தம் கேட்டு, அவன் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். அன்றிலிருந்து பதினைந்து நாள் தினமும் சாயங்காலம் பயிற்சி. கோணமெல்லாம் அவன் மண்டையில் அப்படியேதான் இருந்தது. விரலுக்குத்தான் வழியில்லாமல் இருந்திருக்கிறது.

போட்டிக்கு வா என்றபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்பக் கெஞ்சிய பிறகு சொன்னான்: "ஒரு தபா வர்றேன் மாமு. அங்க வந்து இது என் மானத்த வாங்கிச்சின்னா, அப்பால என்ன கூப்டாத."

அதைவிட அவன் மனைவி படிக்கட்டு வரை வந்து சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "ண்ணா, தோத்துட்டு வந்தா ஒண்ணும் இல்ல. எவனாவது பாவம்னு சொன்னா, அவரு அப்பறம் வூட்ட வுட்டு வரவே மாட்டாரு." நான் இருக்கும்போது எவன் சொல்வான் என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

காணும் பொங்கலன்று அவன் சக்கர நாற்காலி தெருமுனையில் திரும்பியதும் ஷாமியானாவே எழுந்து நின்றது. விசில் பறந்தது. எங்களுக்கு எதிராக ஆட வந்தவர் ஓர் அண்ணாச்சி. வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறார், தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், வருடக்கணக்கில் எங்கள் கிளப் உறுப்பினர். அவர் தம்பிதான் அவருக்கு ஜோடி. அண்ணாச்சி சட்டத்தில் கறார். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கை கோட்டைத் தாண்டினால் ஃபவுல் என்பது போல மெஷின் மூக்கு தாண்டினாலும் ஃபவுல்தான் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஜோடி முகத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு. தனக்கும் சட்டம் உண்டு என்பதே அவனுக்குப் பிடித்துவிட்டது.

டபுள்ஸில் ஜோடிகள் எதிரெதிராக உட்கார வேண்டும். எனக்கு எதிரே அவன், அவனுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி. அவன் முறை வரும்போது ஸ்ட்ரைக்கரை மெஷின் முன்னால் வைத்துக் கொடுப்பது அண்ணாச்சி பொறுப்பு.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் போனை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட வேண்டும். முன்பு ஒரு ஃபைனலில், சிவப்புக் காய்க்குக் குறி வைத்த நேரத்தில் யாருடைய போனோ அலறி, சண்டை சட்டைக் கிழிசல் வரை போயிற்று. அதிலிருந்து வாளி வந்தது. நடுவில் யாரும் எடுக்கக் கூடாது என்று அது போர்டுக்கு அடியிலேயே இருக்கும். ஜோடியின் போனுக்கு மட்டும் அன்று விலக்கு கொடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. அவன் முதல் முறை. முட்டியால் கோணத்தை நகர்த்தினான், அடி என்பதைத் தொட்டான். வெள்ளைக் காய் ஒன்று வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. அந்தக் கூச்சலை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை. மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் விசில் அடித்தார்.

ஒரு காய் போட்டதால் மறுபடி அவனே அடிக்க வேண்டும். அண்ணாச்சி ஸ்ட்ரைக்கரை வைத்தார். ஜோடி முட்டியை நகர்த்தினான். மெஷின் நகரவில்லை. திரையில் 'தொடர்பு இல்லை' என்று வந்தது.

நான் சுற்றி ஓடினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். இணைந்தது. ஓர் அடி. மறுபடி அறுந்தது. பேட்டரியை மாற்றினேன், ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். இணைவதும் ஓர் அடியோடு அறுவதுமாகவே இருந்தது. வீட்டில் பதினைந்து நாளில் ஒரு முறைகூட இப்படி ஆனதில்லை. உன் ஆம்பிளிஃபயர்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று மைக் செட்காரர்மேல் பாய்ந்தேன். பாவம் அந்த மனிதர், மொத்த செட்டையும் நிறுத்தினார். தெரு அமைதியானது. அந்த அமைதியிலும் அறுந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அத்தனை பேர் முன்னால் ஜோடியைப் பார்த்துக் கத்தினேன்: "நீதான் மாமு எதையோ தப்பா அமுக்குற. முட்டி ரெண்டு எடத்துல படுது."

அவன் திரையிலிருந்து கையை எடுத்தான். அது மடியில் போய் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். நல்ல மனதோடுதான் சொன்னார். "ஆள் நெலம நமக்குத் தெரியாதா? ஒரு பத்து பாயின்ட் விட்டுக் குடுத்து முடிச்சிருவோம். பாவம்லா."

யாரும் சொல்லக் கூடாத வார்த்தை வந்துவிட்டது. ஜோடியின் மனைவி நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. பிரேக்கை விடுவித்து நாற்காலியைத் திருப்பக் குனிந்தாள். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"இரு," என்றான் ஜோடி. அவளைப் பார்த்துச் சொன்னான், ஆனால் கண் மெஷின்மேல் இருந்தது. "மாமு, என் கை மடிலதான் கீது. நா போன தொடவே இல்ல. அங்க லைட்ட பாரு. ரெண்டு தபா அடிச்சி நின்னு நின்னு எரியுது. உள்ள வேற எவனோ கீறான்."

மெஷினில் ப்ளூடூத்துக்கென்று ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. யாரோடும் சேராமல் இருந்தால் விடாமல் படபடவென்று சிமிட்டும். யாரோடாவது சேர்ந்துவிட்டால் இரண்டு முறை சிமிட்டி, கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு முறை சிமிட்டும். நான்தான் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அவன் போனிலோ தொடர்பு இல்லை என்று இருக்கிறது. மெஷின் விளக்கோ சேர்ந்துவிட்டேன் என்கிறது. அப்படியானால் யாரோடு?

அவனே மேலும் சொன்னான். "கப்பல்ல கிரேன்காரனுக்கு ஒரு ஆள்தான் வாக்கி டாக்கில பேசணும். நாலு பேரு கூப்ட்டா, மொத கூப்ட்டவன் பேச்சத்தான் கேப்பான். உன் மெசினும் அப்டித்தான கீது?"

எனக்கு மண்டையில் யாரோ சுத்தியலால் அடித்தது போல் இருந்தது. என் மெஷின் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். நான் ஆப் ஏற்றிக் கொடுத்த அத்தனை போன்களும் போர்டுக்கு அடியில் வாளியில் கிடக்கின்றன. கிளப்பில் ஆடிய வாரத்தில் ஒருவர் ஆப்பை மூடிய பிறகுதான் அடுத்தவர் திறந்தார்; அன்று காலையிலோ வேடிக்கை காட்டுவதற்காக எல்லோரும் திறந்துவிட்டு, மூடாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். இரண்டு நொடிக்கு ஒரு முறை அத்தனையும் மெஷினைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. இவனுக்கென்று நான் ஆசையாகச் செய்த அதே வசதி!

இன்னொன்றும் அந்த நொடியில் புரிந்தது. தண்டு பாயும்போது பேட்டரியின் பலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ப்ளூடூத் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. வீட்டிலும் ஒவ்வோர் அடிக்கும் தொடர்பு அறுந்துதான் இருக்கிறது. அங்கே கூப்பிட அவன் போன் ஒன்றுதான் இருந்ததால் உடனே சேர்ந்துகொண்டது, எனக்குத் தெரியவில்லை. இங்கே அறுந்த கணத்தில் வேறொருவன் உள்ளே புகுந்துகொள்கிறான்.

குனிந்து வாளியை இழுத்தேன். மேலாகக் கிடந்த போனில் என் ஆப் பச்சையாக 'இணைந்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. யாருடையது என்று கேட்டால், அண்ணாச்சியுடையது. விட்டுக்கொடுக்கிறேன் என்றவரின் போன்தான் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெருவே வெடித்துச் சிரித்தது. அண்ணாச்சி வெட்கப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார் பாருங்கள்! ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். உள்ளே இரண்டு போன்கள் மணி அடிக்க அடிக்க, தெருக்கோடி டீக்கடை வரை ஓடி, வாளியைப் பாய்லர் பக்கத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

இரண்டே நொடி. ஜோடியின் திரை பச்சையானது. அடித்தான். அறுந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். திரும்ப வரவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜோடி மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கொஞ்சம் கீழே பார்த்தான். மடியிலிருந்த கையைத் தூக்கி, மடங்காத விரல்களால் என் நெஞ்சைக் காட்டினான். "உன் பாக்கெட்ல இன்னா கீது?"

சட்டைப் பையில் என் போன். நான்தானே இன்ஜினியர், எனக்கு எதற்கு வாளி என்று போடாமல் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பச்சை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பார்த்துச் சிரிப்பது போல ஊரே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தப்பு என்னுடையது, உன்மேல் பழி போட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவன் குரலில் கோபமே இல்லை.

"வுடு மாமு. மொதல்ல அத்த தூக்கிக் கடாசு. ஆட்டத்த பாக்கலாம்."

நான் கத்தித் தீர்த்தேனே, அந்த மைக் செட்காரர்தான் கை நீட்டி என் போனை வாங்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.

அதன் பிறகு நடந்தது ஆட்டம்! ஒவ்வோர் அடிக்கும் அறும், ஒன்று இரண்டு என்று தெருவே எண்ணும், பச்சை வரும், கத்துவோம். அப்படியே ஏழு போர்டு, அதாவது ஏழு சுற்று போனது. எட்டாவதான கடைசி போர்டில் நாங்கள் இருபது, அவர்கள் இருபத்து நான்கு; இருபத்தைந்து எடுத்தால் ஜெயம். சிவப்புக் காய் மூலைக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. ஜோடி முறை. மயிரிழை மயிரிழையாகக் கோணத்தை நகர்த்தினான். தொட்டான். சிவப்பு வழுக்கிப் போய், பாக்கெட் விளிம்பில் யோசித்து, விழுந்தது. சிவப்பை எடுத்தால் கையோடு இன்னொரு காயும் போட வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது. சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளையை எதிர்க் கட்டையில் மோதவிட்டுத் திருப்பி எடுத்தான். அண்ணாச்சியே "அடடா" என்றார். அடுத்த அடி தவறியது, எங்களுக்கு ஒரே ஒரு காய் மிச்சம். அண்ணாச்சியின் தம்பியும் தவறவிட்டார். என் முறை. காய் எனக்கு நேரே, பாக்கெட் வாயில். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அடித்தால் சிவப்புக்கு மூன்று, அவர்கள் மிச்சம் வைத்த மூன்று காய்க்கு மூன்று, ஜெயம் எங்களுக்கு.

பத்து விரலும் மடங்குகிற நான் அதைத் தவறவிட்டேன்.

அடுத்தது அண்ணாச்சி. அவர்களுக்கு மூன்று காய்கள் இருந்தன. இரக்கமே இல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாரி எடுத்தார். எடுத்துவிட்டு, பத்து பாயின்ட் விட்டுக்கொடுக்கிறேன் என்ற அதே மனிதர், நாற்காலியிலிருந்து குதித்து எழுந்து போர்டைத் தட்டினார். "எங்ககிட்டயா? அடுத்த வருசம் வாங்க, பாப்போம்!"

ஜோடி அவரைவிடச் சத்தமாகக் கத்தினான். "அடுத்த வருசம் இன்னாத்துக்கு அண்ணாச்சி? ஞாயித்துக்கெழம வா. வெச்சிக்கலாம்."

நான் திரும்பி அவன் மனைவியைப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வீடு வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். மெஷினில் வேகம் பத்தவில்லை, ப்ளூடூத்துக்குத் தனி பேட்டரி போடு, அவ்வளவு லேசான காயை எப்படி விட்டாய், நீயும் மெஷின் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். இன்று வரை ஒரு ஞாயிறுகூட அவன் தவறவிட்டதில்லை.

தோற்ற ஆட்டத்துக்கு நான் அப்படிக் குதித்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஆனால் வேலையிடத்திலோ வீட்டிலோ ஏதாவது கெட்டுப்போய் யார்மேலாவது பாய நான் வாய் திறக்கும்போதெல்லாம், திரையிலிருந்து எடுக்கப்பட்டு மடியில் போய் விழுந்த அந்தக் கை கண்முன் வந்து நிற்கிறது. வாய் தானாக மூடிக்கொள்கிறது.